எண்பது வயது பீரங்கிக்காரருக்கு வாங்கிய காது மிஷின்

என் மாமனாருக்கு இரண்டு காதுக்கும் சேர்த்து 72,000 ரூபாய்க்கு மிஷின் வாங்கினோம். ஒரு கோடை, ஒரு தீபாவளி, ஏகப்பட்ட கல்யாணம் எல்லாம் அதோடு பார்த்தாகிவிட்டது. காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய ஒயர் வழியாகக் குட்டி ஸ்பீக்கரைக் காதுக்குள் விடும் ரகம். ஆர்ஐசி என்பார்கள். ராத்திரி டப்பாவில் வைத்தால் சார்ஜ் ஏறிவிடும். கம்பெனி பெயரும் கடை பெயரும் எழுதப்போவதில்லை. எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: மிஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை. அதை அவர் காதுக்குத் தக்கபடி திருத்திக் கொடுத்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. விற்ற கடைக்கு இரண்டு, அதுவும் ஏசி நன்றாக இருந்ததால்.

எங்கள் பக்கத்தில் இந்தக் காது நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவப்பேட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும், அத்தனை வீடுகளில் பட்டாளத்துக்காரர்கள். நாங்கள் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு ரிடையர்டு ஹவில்தார் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயசாயிடுச்சு, காது மந்தம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வயசு ஒரு பாதிதான். மறுபாதி சர்க்கார் வேலையில் போனது.

மாமா பட்டாளத்தில் சேர்ந்தது 1963. சீனச் சண்டைக்குப் பிறகு நிறைய ஆள் எடுத்த நேரம், அவருக்குப் பதினெட்டு வயது. நாசிக் ரோடு ஆர்ட்டிலரி சென்டரில் பயிற்சி, அப்புறம் 25 பவுண்டர் பீரங்கி. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். குண்டு 25 பவுண்டு, அதாவது பதினோரு கிலோ சொச்சம். பன்னிரண்டு கிலோமீட்டர் வரை போகும். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர், அதில் இவர் லேயர்: பீரங்கிக்கு இடது பக்கம் சீட்டில் உட்கார்ந்து குறி வைக்கிறவர். 65 பாகிஸ்தான் சண்டையில் பஞ்சாபில் கேம்கரண் பக்கம். 71இல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஷகர்கர் பக்கம், டிசம்பர் 3ஆம் தேதி சாயங்காலம் சண்டை ஆரம்பித்து 17ஆம் தேதி மேற்கு முனையில் ஓயும்வரை. காதில் வைக்க என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார். பஞ்சுதான். அதையும் வைத்துக்கொண்டால் ஆர்டர் காதில் விழாது என்று பாதி நேரம் வைக்கமாட்டார்களாம். பீரங்கி தனக்கு வலது பக்கம் இருந்ததால்தான் வலது காது அதிகம் போனது என்பது அவர் கணக்கு. காது டெஸ்டில் வரைந்து கொடுக்கும் ஆடியோகிராமும் அதை மறுக்கவில்லை.

1984இல் ஹவில்தாராக வெளியே வந்தவர், ஒரு வாரம்கூட வீட்டில் உட்காரவில்லை என்பார் அத்தை. ஒரு பேங்கில் கார்டு வேலை, இரட்டைக் குழல் துப்பாக்கியோடு அறுபது வயதுவரை. பட்டாளத்தில் இருந்தபோது தங்கைகள் கல்யாணத்துக்கு மணியார்டர் அனுப்பினார், பேங்கில் இருந்தபோது மூன்று பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினார். பெரிய நாத்தனார் நர்சிங் படித்தது பேங்க் ஓவர்டைமில். குடி இல்லை. கேன்டீன் கோட்டாவில் வாங்கும் பாட்டில் எப்போதும் வேறு யாருக்காவது போகும், பதிலுக்கு அந்த வீட்டிலிருந்து நெல் அவிக்கவோ தென்னை ஏறவோ ஆள் வருவார்கள். அத்தைக்குச் சர்க்கரை வந்தபிறகு இன்சுலின் போடுவது அவர் வேலை. அதற்கு ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தேதி, 0600, எத்தனை யூனிட், கையா வயிறா, கடைசியில் சின்னக் கையெழுத்து. அத்தை ஊருக்குப் போன நாள்களில் அந்தக் கட்டத்தில் "லீவு" என்று இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் மேல் வீட்டுப் பெண்களுக்கு ஒரே ஒரு புகார் உண்டு. ஆம்பளைங்க பேசினால் கேட்கும், நாங்கள் பேசினால் கேட்காது. என் வீட்டுக்காரர் கூப்பிட்டால் உடனே திரும்புவார். நான் சாப்பிடக் கூப்பிட்டால் பேப்பரிலேயே இருப்பார். அத்தைக்குக் குரலே மெல்லிசு, கிணற்றடியிலிருந்து கூப்பிட்டால் எனக்கே பாதிதான் விழும். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஆளு என் பேச்சக் கேட்டதே இல்ல" என்று அத்தை சொல்வது எங்கள் வீட்டில் பழைய வசனம்.

டெஸ்ட் எடுத்தபோதுதான் அந்தப் புகார் மேல் கேஸ் தள்ளுபடி ஆனது. சத்தம் புகாத சின்ன ரூமில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு சத்தத்தில் கேட்க ஆரம்பிக்கிறது என்று வரைகிறார்கள். 25 டெசிபெல்லுக்குள் இருந்தால் சரியான காது. மாமாவுக்குத் தாழ்ந்த சுருதியில் 30 பக்கம், அந்த வயதுக்குப் பரவாயில்லை. மேலே போகப் போகக் கோடு மலையிலிருந்து இறங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸில் வலது காது 75. வெடிச்சத்தம் தின்ற காது முதலில் விழுவது இந்த இடத்தில்தானாம். பேக்டரியில் 85 டெசிபெல்லுக்கு மேல் எட்டு மணிநேரம் இருந்தாலே காதுக்கு ஆகாது என்கிறார்கள், பீரங்கி ஒரே வெடியில் 140ஐத் தாண்டிவிடும். உள்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 நுண்ணிய செல்கள், செத்தால் மறுபடி முளைக்காது. உயர்ந்த சுருதிக்கான செல்கள் வாசல் பக்கமே இருப்பதால் அவைதான் முதலில் அடி வாங்கும்.

அந்த உயர்ந்த சுருதியில் இருப்பது என்ன? பெண்கள் குரல், குழந்தைகள் குரல். அப்புறம் ச, த, க, ப மாதிரி மெய்யொலிகள். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும், அவற்றின் முன்னால் ஒட்டியிருப்பது கேட்காது. சட்டை, தட்டை, கட்டை எல்லாமே அவருக்கு அட்டைதான். சத்தம் விழுகிறது, பேச்சு புரியவில்லை. அதனால்தான் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. கத்தும்போது அ, ஆதான் பெரிசாகும், ச, த எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆடியாலஜிஸ்ட் இதைச் சொன்னதும் அத்தை மாமாவை ஒரு பார்வை பார்த்தார். திட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

இனி வாங்கும் கதை. இதற்கு முன் மச்சினர் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒன்று அனுப்பியிருந்தார். அது காது மிஷினே இல்லை, சும்மா ஆம்ப்ளிஃபையர். நன்றாகக் கேட்கும் தாழ்ந்த சுருதியையும் சேர்த்துப் பெரிசாக்கும். பஸ் ஹாரன் மண்டையைப் பிளக்கும், பேத்தி பேசுவது அப்போதும் புரியாது. மாமா அதைக் கழற்றி அலமாரியில் வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. ஒரு தடவை இப்படிச் சூடுபட்டவர்கள் நல்ல மிஷினையும் தொடமாட்டார்கள். தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடையில் விற்பனைப் பையன் முதலில் நீட்டியது காதுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டி ரகம். "வெளிய தெரியாது சார்" என்றான். மாமா, "எனக்கு இன்னா பொண்ணா பாக்கப் போறாங்க? தெரிஞ்சா நல்லது, சத்தமா பேசுவானுங்க" என்றார். சரியான பேச்சு. எண்பது வயது விரலுக்கு அந்தக் குட்டி மிஷினும் அதன் பேட்டரியும் பிடிபடாது. அடுத்து சேனல் கணக்கு, அதாவது சுருதியை எத்தனை துண்டாகப் பிரித்துத் தனித்தனியே திருத்தலாம் என்பது: எட்டு சேனல் இவ்வளவு, பதினாறு இவ்வளவு, இருபதுக்கு மேல் லட்சத்தைத் தாண்டும். சேனல் கூடினால் நுணுக்கமாகத் திருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் திருத்துவதற்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒருவர் வேண்டும். இந்தக் கடையில் கம்ப்யூட்டரில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பட்டனைத் தட்டினார்கள், "கேக்குதா தாத்தா?" என்று ஆம்பளைக் குரலில் கேட்டார்கள், கேட்குது என்றார், பில் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தகராறு. தன் குரலே குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். குக்கர் விசில் அடித்தால் தலையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் வைக்கும் சத்தம் எல்லாம் அவருக்குச் சண்டை மாதிரி. அத்தை குரல் பழையபடிதான். கடையில் கேட்டால், "பழகிடும்". பழகுவதற்குச் சில வாரம் ஆகும் என்பது நிஜம். பல வருஷம் மேல் சுருதி இல்லாமலே ஓடிய மூளைக்கு அது புதுசு, முதலில் நாளைக்குச் சில மணிநேரம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆனால் பழகுவதற்கும் சகித்துக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. தப்பாக அமைத்த மிஷினுக்கு யாரும் பழகமுடியாது.

அதே கம்பெனி மிஷினைப் பார்க்கும் இன்னொரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர், ஆடியாலஜிஸ்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர், முப்பது வயதுகூட இருக்காது. காதுக்குள் நூல் மாதிரி ஒரு ட்யூபை விட்டு, மிஷின் உள்ளே எவ்வளவு சத்தம் கொடுக்கிறது என்று அளந்தார். மேல் சுருதியில் தேவையில் பாதிகூட வரவில்லை. காதுக்குள் போகும் ரப்பர் குமிழியை மாற்றி ஓட்டை உள்ளதைப் போட்டதும் குடத்துக் குரல் போனது. திடீர்ச் சத்தத்துக்கு உச்சவரம்பு ஒன்று அமைத்தார், அதற்கு மேல் மிஷின் விடாது. அப்புறம் மாமாவிடம் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு முக்கியமா யார் பேசுறது கேக்கணும்?"

மாமா யோசிக்கவே இல்லை. "வூட்டுக்காரம்மா."

அத்தையை வரச்சொல்லி, ரூமுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு வழக்கமான குரலில் ஏதாவது பேசச் சொன்னார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாரா என்று தெரிய வேண்டுமாம். அத்தைக்கு வெட்கம். "இன்னா பேசறது இங்க வந்து" என்றார். மாமா, "இன்னா வேணா பேசு, இங்க வந்து வெக்கப்படாத" என்றார். சொன்னது கேட்டுத்தான் பதில் சொல்கிறார் என்று அத்தைக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. இதற்கு அந்தப் பெண் வாங்கிய ஃபீஸ் மிஷின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 72,000இல் பாதியை இவருக்குக் கொடுத்துவிட்டு மீதிக்கு மிஷின் வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அத்தை முணுமுணுப்பது மாமாவுக்குக் கேட்கிறது. இதில் அத்தைக்கு நஷ்டம். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இவர் காதில் விழாது என்ற தைரியத்தில் பக்கத்திலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தவர், இப்போது தோட்டத்துக்குப் போய்த் திட்டுகிறார். எல்லோரையும்விட லாபம் பேத்திக்குத்தான். தாத்தாவிடம் கதை கேட்க ஆரம்பித்தாள். முன்பும் தாத்தா கதை சொல்வார், ஆனால் கேள்வி கேட்டால் பதில் வேறெங்கோ போகும் என்பதால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். ஒருநாள் அவள், "தாத்தா, சண்டைல நீ எத்தன பேர கொன்ன?" என்றாள். நான் அடுப்படியில் நின்றுவிட்டேன். மாமா நிதானமாகச் சொன்னார்: "பீரங்கிக்காரனுக்கு அது தெரியாதும்மா. நாங்க நம்பர் பாத்து அடிப்போம். எங்க வுழுந்துச்சுன்னு முன்னாடி ஒரு ஆபீசர் உக்காந்து பாத்து ஒயர்லெஸ்ல சொல்லுவாரு. இன்னும் நூறு கெஜம் தள்ளுன்னுவாரு, தள்ளுவோம். அவ்ளோதான்." கொஞ்சம் விட்டு, "தெரியாம இருந்ததும் ஒரு விதத்துல நல்லதுதான்" என்றார். என் வீட்டுக்காரர் ஐம்பது வயதில் இதை முதல் தடவையாகக் கேட்கிறார்.

மிஷினின் குறைகளுக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் சுத்தமாகப் பிரயோஜனம் இல்லை. மேளம், மைக், நூறு பேர் பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் 72,000 ரூபாயும் வேஸ்ட். மாமா கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார். இரைச்சலைக் குறைக்கும் புரோகிராம் இருக்கிறது என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். எதிரில் ஒரே ஆள் இருந்தால் ஓரளவு உதவும், பந்தியில் உதவாது. செல்போன் ஆப் எங்களுக்கு இங்கிலீஷில்தான் வந்தது, மாமா வைத்திருப்பதோ பட்டன் போன். ப்ளூடூத்துக்குக் கொடுத்த காசு தண்டம். போன் பேச உதவும் டெலிகாயில் இந்த மாடலில் இல்லை, அதை முன்பே கேட்டிருந்தால் அவருக்கு ப்ளூடூத்தைவிட அதுதான் பயன்பட்டிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னார்.

சார்ஜ் விஷயம் எனக்கு இரண்டு மனசு. முழு சார்ஜில் ஒரு நாள் தாராளமாக ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போய் காலையில் வந்தால் மதியம் வரை அவருக்குக் காது இல்லை. பேட்டரி ரகத்தில் அந்தத் தொல்லை கிடையாது, கிராமத்துக்கு அதுவே மேல் என்று நினைக்கிறேன். 13ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி ஓரளவு பெரிசு, கையில் பிடிபடும். ஒரு விஷயம்: ஸ்டிக்கரைப் பிய்த்ததும் காற்று பட்டு அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும், உபயோகிக்காவிட்டாலும் தீரும். புது பேட்டரியா என்று சோதிக்க எல்லாவற்றையும் பிய்த்துப் பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வையுங்கள். விழுங்கினாலும் ஆபத்து.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் காதுக்குப் பின்னால் வேர்வை ஊற்றும். அந்த ஈரம் மிஷினுக்குள் போய் ஒரு பக்கம் இரைய ஆரம்பித்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட வேறொரு டப்பாவில் வைத்து எடுத்தால் சரியாகிறது. இந்த டப்பாவைக் கடையில் சும்மா கொடுத்திருக்க வேண்டும், தனியாகக் காசு வாங்கினார்கள். காதழுக்கு அடைக்கும் சின்ன வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும், அதுவும் காசு. "மிஷின் செத்துடுச்சு" என்று வரும் கேஸில் பாதி அழுக்குதான் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவே ரைபிள் துடைக்கிற ஒழுங்கோடு அதைத் துடைத்து வைக்கிறார். இன்சுலின் நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டாகிவிட்டது.

தீபாவளிக்கு உச்சவரம்பு நன்றாகவே வேலை செய்தது. லட்சுமி வெடி தூரத்தில் டப்பென்று மட்டும் கேட்டதாம். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பையன்கள் சரம் கொளுத்தியதும் இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு இன்னிக்கு லீவு" என்று படுத்துவிட்டார்.

பட்டாளத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் கார்டு இருந்தால் முதலில் அதன் பாலிகிளினிக்கில் கேளுங்கள். 1996க்கு முன்னால் ரிடையர் ஆனவர்களுக்குச் சந்தாவே கிடையாது. ஈஎன்டி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் ஆடியோகிராமும் முன்பே வேண்டும். மிஷின் ரகத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் கைக்காசு. வாங்கிவிட்டுப் பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் அலைச்சல்தான். ஒரு காதுக்கு மட்டும் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் போயிருந்தால் இரண்டுக்கும் வாங்குங்கள், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இரண்டு காதும் சேர்ந்தால்தான் தெரியும். காசு பற்றாவிட்டால் விலையில் ஒரு படி இறங்கி இரண்டாக வாங்குவது நல்லது.

போன வாரம் எதிர்வீட்டு சுபேதார் வந்து, மாமாவின் மிஷினைக் கழற்றி வாங்கித் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்யா இருக்குது, எனக்கும் இதே வாங்கிடலாம்" என்றார். அவர் இருந்தது தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவு, காது போன கதையே வேறு. மாமா மிஷினைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, டெஸ்ட் எடுக்காமல் கடைப் பக்கம் போனால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இருவருக்கும் சேர்த்து அந்தப் பெண்ணிடம் நேரம் வாங்கிவிட்டேன். மாமாவுக்கு வலது பக்கம் மறுபடி கொஞ்சம் திருத்த வேண்டும்.